சும்மா நிற்பவர்களைப் பார்ப்பது எப்படி? குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் புதியவர்களுக்கு

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்றரை மணி. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தோம். ரீவியில் பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்களுக்கான 10 மீற்றர் எயார் பிஸ்டல் இறுதிச்சுற்று. தங்கச்சியின் மகன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதில என்ன நடக்குது? எல்லாரும் சும்மாதானே நிக்கினம்?"

நியாயமான கேள்வி. கிரிக்கெட்டில் பந்து பறக்கிறது, ஓட்டப்போட்டியில் ஆள் ஓடுகிறார். இங்கே கண்ணில் படும்படி ஒன்றும் அசையாது. ரவை போவதும் தெரியாது, அது பட்ட இடமும் தெரியாது. திரையில் ஓர் எண் மட்டும் வந்து விழும். 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீற்றர் எயார் ரைபிளில் தங்கம் எடுத்தபோது நானும் அப்படித்தான், கடைசியில் அவர் கையை உயர்த்திய பிறகுதான் வென்றுவிட்டார் என்றே தெரிந்தது. பிறகு ஒவ்வொரு ஒலிம்பிக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபட்டது. அன்று மருமகனுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் போட்டியில் பார்க்க வேண்டியது ஆள் சுடாமல் நிற்கும் நேரத்தை.

எந்த விழா, எந்த ஊர், எத்தனை மணி

ஒலிம்பிக்கில் உண்டு. ஆசிய விளையாட்டு விழாவில் உண்டு. தெற்காசிய விழாவிலும் உண்டு. 2006 இல் கொழும்பில் நடந்த 10வது தெற்காசிய விழாவிலும் இருந்தது. ஆனால் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தேடி ஏமாறாதீர்கள். 2018 கோல்ட் கோஸ்ட் விழாவோடு சரி. 2022 பர்மிங்ஹாமில் எடுத்துவிட்டார்கள், இந்தியா பெரிய சத்தம் போட்டும் நடக்கவில்லை. 2026 கிளாஸ்கோவின் பட்டியலிலும் இல்லை.

அடுத்தது ஊர். விழாவின் பெயரில் இருக்கும் நகரத்தில்தான் சுடும் போட்டியும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பரந்த இடமும் பாதுகாப்பான மண்மேடுகளும் வேண்டும் என்பதால் பல தடவை ஊருக்கு வெளியேதான் வைப்பார்கள். கோல்ட் கோஸ்ட் விழாவின் சுடுதளம் பிரிஸ்பனில் இருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கின் சுடுதளம் ஷாத்தோரூ என்ற ஊரில், பாரிஸிலிருந்து சுமார் 270 கிலோமீற்றர் தெற்கே. பாரிஸில் லாச்சப்பல் பகுதியில் இருக்கும் என் மச்சான் ஒருவர் "வீட்டிலிருந்து மெத்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று டிக்கெற் எடுத்து வைத்திருந்தார். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் ஊரின் பெயரை வாசித்தார். கொழும்பிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகும் பாதையில் மூன்றில் இரண்டு பங்குத் தூரம் அது. உங்கள் சொந்தக்காரர் யாராவது நேரில் பார்க்கப் போவதென்றால், டிக்கெற்றில் விளையாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல் மைதானத்தின் முகவரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு கொழும்புக்காரருக்கு மிகவும் வசதி. கோடைகாலப் பாரிஸ் நேரத்தோடு மூன்றரை மணித்தியாலம் கூட்டினால் நம்முடைய நேரம். அங்கே நண்பகல் பன்னிரண்டு என்றால் இங்கே பின்னேரம் மூன்றரை. ஜப்பான் என்றால் அதே மூன்றரையைக் கழிக்க வேண்டும்; 2026 செப்டெம்பர் 19 முதல் ஒக்டோபர் 4 வரை என்று அறிவித்திருக்கும் ஐச்சி–நகோயா ஆசிய விழாவில் காலை பத்து மணிக்கு ஒரு இறுதிச்சுற்று வைத்தால், நாம் ஆறரைக்கு முகம் கழுவிக்கொண்டு உட்கார வேண்டும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை பத்து, இங்கே இரவு பத்தரை.

இன்னொன்று. ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி முதல் நாளே தொடங்கிவிடும். பாரிஸில் மொத்த விழாவின் முதல் தங்கமே இதில்தான், சீனாவின் கலப்பு (ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த) எயார் ரைபிள் அணிக்கு. தொடக்க விழாவின் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று விட்டால் பாதி முடிந்திருக்கும்.

ஒரே ஒரு நிகழ்ச்சியில் தொடங்குங்கள்

பாரிஸில் மொத்தம் 15 நிகழ்ச்சிகள். ரைபிள், பிஸ்டல், ஷொட்கன் என்று மூன்று குடும்பம். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்க வெளிக்கிட்டால் தலை சுற்றும். 10 மீற்றர் எயார் ரைபிள் அல்லது எயார் பிஸ்டல், இரண்டில் ஒன்றை எடுங்கள். வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றுத்தான் 4.5 மில்லிமீற்றர் ஈய ரவையைத் தள்ளுகிறது. தூரம் மாறாது, காற்றடிக்காத உள்ளரங்கு, எட்டுப் பேர் வரிசையாக. புதியவருக்கு இதைவிடத் துப்புரவான மேடை வேறு இல்லை.

பார்ப்பதற்கு முதல் நாள் வீட்டில் இரண்டு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, இதைச் செய்த பிறகுதான் எங்கள் வீட்டில் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் போல் பேனை முனையை ஒரு தடவை மட்டும் மெதுவாகத் தொடுங்கள். எயார் ரைபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் அவ்வளவுதான், விட்டம் 0.5 மில்லிமீற்றர். அந்தத் தாளைக் கதவில் ஒட்டிவிட்டு 10 மீற்றர் நடந்து போங்கள். காலி வீதியில் ஓடும் பெரிய பஸ் ஒன்றின் முன்கண்ணாடியிலிருந்து கடைசி சீற் வரைக்கும் கிட்டத்தட்ட அந்தத் தூரம். எங்கள் மாடியில் லிப்ற் வாசலிலிருந்து எங்கள் கதவு வரை வந்தது. அங்கே நின்று பார்த்தால் புள்ளி தெரிகிறதா? தெரியாது. சுடுபவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிவது அதைச் சுற்றியுள்ள 30.5 மில்லிமீற்றர் கறுப்பு வட்டம், சோடாப் போத்தல் மூடியைவிடச் சற்றுப் பெரியது. ரைபிளின் முன் வளையத்துக்குள் அந்தக் கறுப்பை நடுவாக உட்கார வைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத புள்ளி அதன் நடுவில் இருக்கும் என்ற நம்பிக்கையில் சுடுகிறார்.

இரண்டாவது பரிசோதனைக்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். ஒரு கையால் பிடித்துத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள், மற்றக் கை உதவக்கூடாது. எயார் பிஸ்டல் ஒன்று 1.5 கிலோ வரை இருக்கலாம், அதை ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். போத்தல் எத்தனையாவது செக்கனில் ஆடத் தொடங்குகிறது என்று எண்ணுங்கள். மருமகனுக்குப் பதினொன்றில் ஆடியது, எனக்கு எத்தனையில் என்று இங்கே எழுதப்போவதில்லை. ரைபிள்காரருக்கு 5.5 கிலோ வரை அனுமதி. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் முண்டு கொடுத்து நிற்பது போல.

தகுதிச்சுற்றை எப்படி வாசிப்பது

உண்மையைச் சொன்னால், தகுதிச்சுற்றை முழுதாகப் பார்க்கத் தேவையில்லை. 60 சூடு, 75 நிமிடம், பல டசின் பேர், ஆளாளுக்கு ஒரு வேகம். முடிவுப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

பிஸ்டலில் தகுதிச்சுற்றுப் புள்ளி முழு எண்: உச்சம் 600. பாரிஸில் இந்தியாவின் மனு பாக்கருக்கு 580-27x என்று போட்டிருந்தது. 580 மொத்தம், 27 என்பது பத்து வட்டத்துக்குள்ளேயே இருக்கும் உள்வட்டத்தில் விழுந்த சூடுகள். இரண்டு பேர் ஒரே மொத்தத்தில் முடித்தால் இந்த x யாருக்குக் கூட என்று பார்ப்பார்கள். ரைபிளில் தகுதிச்சுற்றிலேயே தசமம் வந்துவிடும். ஒரு சூட்டுக்கு உச்சம் 10.9, அறுபதுக்கு 654. 

முதல் எட்டுப் பேருக்கு மட்டும் இறுதிச்சுற்று. இங்கேதான் நிறையப் பேரின் கதை முடியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், நம் பெயரும் நம் பாஷையும் உள்ள பிள்ளை என்பதால் எங்கள் வீட்டில் தனி எதிர்பார்ப்பு, பாரிஸில் 10வதாக வந்து நின்றார். அதே எயார் ரைபிளில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டார். 2012 இலண்டனில் மங்கள சமரகோன் 50 மீற்றர் ரைபிளில் சுட்டார். இவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தகுதிச்சுற்றைத்தான் திறக்க வேண்டும். நேரடி ஒளிபரப்பில் அவர்கள் லேனை, அதாவது அவர்கள் நின்று சுடும் இடத்தை, காட்டுவது அபூர்வம். நேரடிப் புள்ளிப் பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சூடாகப் பின்தொடருங்கள்.

இறுதிச்சுற்று: எங்கே கண்ணை வைப்பது

எட்டுப் பேரும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார்கள். தகுதிச்சுற்றில் உலக சாதனை வைத்தாலும் இங்கே அது செல்லாது. பாரிஸில் எயார் இறுதிச்சுற்று நடந்த முறையைச் சொல்கிறேன். விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் அடுத்த விழாவில் முதல் இரண்டு நிமிட வர்ணனையைக் கவனித்துவிடுங்கள்.

முதலில் ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 250 செக்கன். இந்தப் பத்துச் சூட்டில் யாரும் வெளியேற மாட்டார்கள். பிளேன்ரீ ஊற்றுவதென்றால் இப்போதே ஊற்றிக்கொண்டு வாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சூடாக, ஒவ்வொன்றுக்கும் 50 செக்கன். 12வது சூட்டில் கடைசி ஆள் வெளியே. பிறகு இரண்டு சூட்டுக்கு ஒருவர். 22வது சூட்டில் வெளியேறுபவருக்கு வெண்கலம். மிஞ்சிய இருவருக்கும் இன்னும் இரண்டு சூடு, மொத்தம் 24.

இப்போது திரையில் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய தோளையும் முகத்தையும் மட்டும் பாருங்கள். துவக்கு உயரும். கன்னம் பிடங்கில் பதியும். மூச்சு ஒன்று பாதியில் நிற்கும். நான்கு, ஐந்து, ஆறு செக்கன். பிறகு, சுடாமலே துவக்கை இறக்கிவிடுவார்.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் "என்ன, பயந்திட்டாரா?" என்பார்கள். பயமில்லை. உடம்பு சரியாக உட்காரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனம் "பரவாயில்லை, அமத்து" என்கிறது, அவர் அதைக் கேட்கவில்லை. மணிக்கூடு ஓடுகிறது, பக்கத்தில் மற்ற ஏழு பேரும் சுட்டு முடித்துவிட்டார்கள், அரங்கமே இவருக்காகக் காத்திருக்கிறது, அப்படியிருந்தும் இறக்குகிறார். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் மிகத் துணிச்சலான காரியம் அதுதான். சில வேளை மிஞ்சிய பதினைந்து செக்கனுக்குள் மறுபடி உயர்த்தி 10.8 அடிப்பார்கள். சில வேளை 9.2 வரும். எது வரும் என்று ஆளின் முகத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகுங்கள்; நாலைந்து போட்டிக்குள் பாதிக்குப் பாதி சரியாக வரும்.

சுட்ட பிறகும் உடனே கண்ணை எடுக்காதீர்கள். நல்ல சூட்டாளர் விசையை அமத்திய பின்னும் ஓரிரு செக்கன் அப்படியே உறைந்து நிற்பார். ரவை குழலை விட்டுப் போகும் முன்பே உடம்பைத் தளர்த்தினால் அந்தத் தளர்ச்சியும் இலக்கில் பதியும். புள்ளியைப் பார்க்கும் அவசரத்தில் தலையை உயர்த்துபவர் அநேகமாக அடுத்த சூட்டில் கோட்டை விடுவார்.

எண்ணுக்கு வருவோம். 0.1 என்றால் எவ்வளவு? எயார் பிஸ்டல் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீற்றர். ஆகவே 0.1 என்பது 0.8 மில்லிமீற்றர், ஒரு பாங்க் கார்ட்டின் தடிப்பு. ரைபிளில் இன்னும் மோசம், 0.25 மில்லிமீற்றர். அந்த ஞாயிற்றுக்கிழமை 22வது சூடு முடிந்தபோது மனு பாக்கருக்கு 221.7. கொரியாவின் கிம் யே-ஜிக்கு 221.8. இருபத்திரண்டு சூடு சுட்டு, கடைசியில் ஒரு பாங்க் கார்ட் தடிப்பில் ஒருவர் வெண்கலத்தோடு பின்னால் நகர்ந்தார், மற்றவர் தங்கத்துக்கு நின்றார். தங்கம் இன்னொரு கொரியப் பெண்ணுக்கு, ஓ யே-ஜின், 243.2. மருமகன் அப்போதுதான் நாற்காலியை ரீவிக்குக் கிட்ட இழுத்தான்.

மனு பாக்கரின் வெண்கலம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. டோக்கியோவில் இதே நிகழ்ச்சியின் தகுதிச்சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதாகிவிட்டது. திருத்திக்கொண்டு வருவதற்குள் பல நிமிடம் போய்விட்டது, 12வது இடம். பாரிஸில் அந்தக் கடன் தீர்ந்தது. இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியிலும் இன்னொரு வெண்கலம்.

சத்தம் பற்றி, குறிப்பாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்

இறுதிச்சுற்றில் பாட்டுப் போடுவார்கள், ஆட்கள் கைதட்டுவார்கள், ஆரவாரம் செய்வார்கள். அது அனுமதிக்கப்பட்டது. "கோயில் மாதிரி அமைதியாக இருக்கும்" என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்.

எங்கள் வீட்டுச் சங்கடம் வேறு. அம்மா யாழ்ப்பாணத்தில் பெரும்பகுதி வாழ்ந்தவர். துவக்கு என்ற சொல்லுக்கு அவரிடம் உள்ள பொருள் வேறு. நான் முதலில் ஒரு தடவை தெரியாத்தனமாக ஷொட்கன் போட்டியைச் சத்தமாக வைத்துவிட்டேன். "உதை நிப்பாட்டடா" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். அதன் பிறகு வெடிச்சத்தம் வரும் நிகழ்ச்சி என்றால் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். எயார் ரைபிள், எயார் பிஸ்டல் இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை, சின்ன "டிக்" சத்தம், பழைய தட்டச்சு இயந்திரம் போல. பாரிஸின்போது மூன்றாம் நாள் அம்மாவே கதவடியில் வந்து நின்று, "அந்தப் பிள்ளை இண்டைக்கும் நிக்குதோ?" என்று மனு பாக்கரைக் கேட்டார்.

உடுப்பும் கண்ணாடியும்

பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச் கலப்புப் பிஸ்டல் அணியில் வெள்ளி எடுத்த படம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. 51 வயது, சாதாரண ரீசேட், சாதாரணக் கண்ணாடி, ஒரு கை காற்சட்டைப் பைக்குள். "மற்றவர்கள் ரோபோ மாதிரி வந்தார்கள், இவர் கடைக்குப் பாண் வாங்கப் போனவர் மாதிரி வந்து வென்றார்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஆளைப் பிடிக்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒப்பீடு பாதி தவறு. கையைப் பைக்குள் வைப்பது பிஸ்டல்காரர் பலர் செய்வது, சும்மா தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும். பிஸ்டலுக்கு விறைப்பான மேலங்கியும் கிடையாது.

ரோபோ மாதிரித் தெரிபவர்கள் ரைபிள்காரர்கள். கன்வஸும் தோலுமாகத் தைத்த மேலங்கி, காற்சட்டை, கனத்த சப்பாத்து. நடக்கும்போது வாத்து நடை. அந்த விறைப்பு முதுகெலும்பைத் தாங்கத்தான். அளவு மீறக்கூடாது, துணியின் தடிப்பையும் விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள், போட்டி முடிந்த பிறகும் பிடித்து அளப்பார்கள். தடிப்பு ஓர் இடத்தில் கூடிவிட்டாலும் புள்ளி முழுவதும் போய்விடும். குழலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள்: உள்ளே ரவை இல்லை என்பதற்கான அடையாளம்.

அப்பாவின் குளிசை

இது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மற்ற விளையாட்டுகளில் ஊக்கமருந்து என்றால் ஆளை வேகமாக்குவது, பலமாக்குவது. இங்கே ஆளை அமைதியாக்குவதுதான் குற்றம். பீற்றா புளொக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தைக் குறைக்கும். எங்கள் அப்பா போன்றவர்கள் பிரஷருக்கு எடுக்கும் சாதாரணக் குளிசைகளில் இந்த வகையும் உண்டு. குறிபார்த்துச் சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, போட்டி இல்லாத நாளிலும் தடை. 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜோங்-சு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் எடுத்துவிட்டு, புரோப்ரனோலோல் அகப்பட்டதால் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

ஒவ்வொரு இதயத் துடிப்பும் குழல் முனையை மயிரிழை அளவு தூக்கி இறக்கும். இலக்கே அரை மில்லிமீற்றர் என்னும்போது அது பெரிய ஆட்டம்.

இரண்டாவது, மூன்றாவது நிகழ்ச்சி

எயார் போட்டி பழகிய பிறகு, பொறுமை குறைந்தவர்கள் ஆண்களுக்கான 25 மீற்றர் ரெப்பிட் பயர் பிஸ்டலுக்குப் போகலாம். ஐந்து இலக்கு பக்கம் பக்கமாக. 8 செக்கனில் ஐந்தையும் சுட வேண்டும், பிறகு 6 செக்கனில், பிறகு 4 செக்கனில். கையைச் சரிவாகக் கீழே வைத்திருந்துதான் தொடங்க வேண்டும். ஹங்கேரியின் காரோலி தாகாச் வென்றது இந்த நிகழ்ச்சியில்தான். 1938 இல் இராணுவப் பயிற்சியில் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர், இடக்கையால் சுடப் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம்.

பெண்களுக்கான 25 மீற்றர் பிஸ்டலில் மணிக்கூட்டைக் கவனியுங்கள். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு சூட்டுக்கும் 3 செக்கன்தான் கிடைக்கும். எயார் பிஸ்டலில் வெள்ளி எடுத்து உலகமெல்லாம் பேர் வாங்கிய கிம் யே-ஜி, சில நாள் கழித்து இந்த நிகழ்ச்சியின் தகுதிச்சுற்றில் ஒரே ஒரு சூட்டுக்குப் பிந்திவிட்டார். அந்தச் சூட்டுக்குப் பூச்சியம், ஆள் வெளியே.

50 மீற்றர் ரைபிள் மூன்று நிலை நீளமானது: முழந்தாளிட்டு, படுத்து, நின்று. பாரிஸில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்தது இதில். இதைப் பார்க்கும்போது லேன் எண்களை ஒரு கண்ணால் பாருங்கள், காரணம் 2004 ஏதென்ஸ். அமெரிக்காவின் மத் எமன்ஸ் கடைசிச் சூட்டுக்கு முன் பெரிய இடைவெளியில் முன்னணி. சுட்டார், திரையில் ஒன்றும் வரவில்லை. இலக்கில் கோளாறு என்று கை காட்டினார். நடுவர்கள் வந்து பார்த்தால், பக்கத்து லேன்காரரின் இலக்கில் அழகாக ஒரு துளை. பூச்சியம். தங்கத்திலிருந்து எட்டாவது இடம். அன்று மாலை அவரைத் தேற்ற வந்த செக் நாட்டு வீராங்கனை கத்தெரினா குர்கோவாவைத்தான் பிறகு கலியாணம் கட்டினார், அதையும் சொல்லாவிட்டால் கதை அரைகுறை.

ஷொட்கனைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. திறந்தவெளி, பறக்கும் தட்டு, உடைந்தால் புள்ளி. ட்ராப்பில் தட்டு சுடுபவருக்கு முன்னாலுள்ள குழியிலிருந்து தூரமாகப் பறக்கும். ஸ்கீற்றில் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்து குறுக்கே பறக்கும். புள்ளிக் கணக்கில் தசமத் தலையிடி இல்லை, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சத்தம் பற்றி மேலே சொன்னதை மட்டும் மறக்க வேண்டாம்.

பார்த்தது போதாது, சுட்டுப் பார்க்க வேண்டும் என்றால்

இந்த ஆசை வரும், அதுவும் வீட்டில் பதினான்கு வயதுப் பெடியன் இருந்தால் நிச்சயம் வரும். வெளிநாட்டு மாமாவிடம் "எயார் ரைபிள்தானே, விளையாட்டுச் சாமான்தானே" என்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கட்டுநாயக்காவில் அது விளையாட்டாக இருக்காது. சுங்கத்திலும் பொலிஸிலும் கேட்டு, எழுத்தில் அனுமதி கையில் வந்த பிறகுதான் எந்தச் சாமானையும் நினைக்க வேண்டும். இணையத்தில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

நேரான வழி பாடசாலை. கொழும்பில் சில பாடசாலைகளில் குறிபார்த்துச் சுடும் அணி இருக்கிறது, முதலில் விளையாட்டுப் பொறுப்பாசிரியரைக் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் தேசிய சம்மேளனத்திடம் கழகங்களைப் பற்றி விசாரிக்கலாம். சொந்தத் துவக்கு தொடக்கத்தில் தேவையில்லை, பயிற்சி இடத்திலேயே தருவார்கள். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பயிற்றுநர் எப்போதும் பக்கத்தில் நிற்பாரா, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு யார் தருவது, துவக்குகளை எங்கே பூட்டி வைக்கிறார்கள். மூன்றாவதற்குத் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடையாள அட்டை, பெற்றோர் கடிதம், அதிபர் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருங்கள். பெயரையும் பிறந்த இடத்தையும் பார்த்து ஒரு கேள்வி கூடக் கேட்பவர்கள் இருக்கலாம். ஒரு அலுவலகத்தில் எங்களையும் ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். கோப்பு ஒழுங்காக இருந்ததால் வேலை முடிந்தது.

மருமகன் போன வருடம் சேர்ந்தான். முதல் மூன்று கிழமை ரவையே கொடுக்கவில்லை. வெறும் ரைபிளைத் தூக்கி, குறி வைத்து, இறக்கி, மறுபடி தூக்கி. வீட்டுக்கு வந்தவனிடம் "என்னடா செய்தாய்?" என்று கேட்டால், "சும்மா நிண்டனான் மாமா" என்பான். வீட்டில் ஒத்திகைக்கு அந்த ஐந்து கிலோ அரிசிப் பைதான். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அதை அம்மா பறித்துக்கொண்டு போய்விடுவார், இரவுச் சோற்றுக்கு.